லாட் எண்ணைப் பார்த்தீர்களா?

ஆய்வகத்துக்குப் பெப்டைடு வந்து சேரும்போது கைக்குக் கிடைப்பது ஒரு சிறு கண்ணாடிக் குப்பி. அதன் சுவரில் கொஞ்சம் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டிருக்கும். சில குப்பிகளில் அதுகூடக் கண்ணுக்குச் சரியாகப் படாது. 5 மி.கி. என்று லேபிள் சொல்லும். நல்ல சரக்கும் கெட்ட சரக்கும் ஒரே வெள்ளைதான். நிறம், மணம், அனுபவசாலியின் கண் எதுவும் இங்கே உதவாது. குப்பியோடு ஒன்றிரண்டு பக்கத்தில் ஒரு பகுப்பாய்வுச் சான்றிதழ் வரும். எங்கள் பேச்சில் அது சிஓஏ. அதை நம்பித்தான் ஓர் ஆராய்ச்சி மாணவர் தன் ஓராண்டு உழைப்பைத் தொடங்குகிறார்.

சென்னையில் ஓர் உயிரியல் ஆய்வு நிறுவனத்தின் பகுப்பாய்வுக் கூடம் நெடுங்காலம் என் பொறுப்பில் இருந்தது. எல்லாக் குழுக்களுக்கும் வரும் பெப்டைடுகள் அங்கேதான் சரிபார்ப்புக்கு வரும். கொள்முதல் குழுவில் தொழில்நுட்ப உறுப்பினராகவும் இருந்தேன். ஆகவே இண்டென்ட் எழுதுவதிலிருந்து குப்பியைத் திறந்து ஹெச்பிஎல்சி என்ற பிரித்தறியும் கருவியில் ஏற்றுவதுவரை இந்தச் சரக்கு வரும் பாதை முழுவதும் எனக்குப் பழக்கம். அப்பட்டமாகப் பொய் சொல்லும் சான்றிதழை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான சான்றிதழ்கள் ஒரு கேள்விக்கு உண்மையாகவே பதில் சொல்லும். வாங்குகிறவருக்கு வேண்டியது வேறு கேள்வியாக இருக்கும், அதைப் பற்றி அந்தக் காகிதம் வாயே திறக்காது.

பெப்டைடு எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்துகொண்டால் சந்தேகம் எங்கே வர வேண்டும் என்பது தானாகப் புரியும். 1963 இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் புரூஸ் மெரிஃபீல்டு ஒரு முறையை வெளியிட்டார். சிறு பிசின் மணிகளின்மேல் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டே போவது அது. 1984 இல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாதுகாப்புக் குழுக்களும் வினைப்பொருள்களும் மாறியிருக்கின்றன, அடிப்படை இன்றும் அதேதான். நாங்கள் அடிக்கடி வாங்கிய எல்எல்-37 ஐ எடுத்துக்கொள்வோம். மனித உடலே உண்டாக்கும் கிருமி எதிர்ப்புப் பெப்டைடு அது. 37 அமினோ அமிலங்கள், ஆகவே 36 இணைப்புகள். ஒவ்வோர் இணைப்பும் 99 சதவீதம் நடந்தால் கடைசியில் முழுச் சங்கிலியாக நிற்பது சுமார் 70 சதவீதம். 98 சதவீதம்தான் நடந்தது என்றால் பாதிகூடத் தேறாது. மிச்சத்தில் பெரும்பகுதி எங்கோ ஓர் அமினோ அமிலம் விட்டுப்போன குறைச் சங்கிலிகள். அவற்றைப் பிரித்துத் தள்ளுவதில்தான் உற்பத்தியாளரின் கைவண்ணம் இருக்கிறது. எந்த அளவுக்குப் பிரித்தார் என்பதைச் சான்றிதழில் உள்ள தூய்மைச் சதவீதம் சொல்ல வேண்டும்.

அந்தச் சதவீதத்தை நான் தனியாகப் படிப்பதில்லை. அதற்குக் கீழே இருக்கும் குரோமட்டோகிராமையும் அது எடுக்கப்பட்ட விதத்தையும் முதலில் பார்ப்பேன். கரைப்பான் விகிதத்தை 5 இலிருந்து 95 சதவீதத்துக்குப் பத்தே நிமிடத்தில் ஏற்றினால் குறைச் சங்கிலிகளும் முழுச் சங்கிலியும் ஒன்றாகவே ஓடி வந்துவிடும். படத்தில் அழகான ஒற்றைப் பீக் தெரியும். அதே சரக்கை மெதுவான கிரேடியன்ட்டில் ஓட்டினால் அந்தப் பீக்கின் தோளில் இன்னொன்று எட்டிப்பார்க்கும். அலைநீளமும் முக்கியம். பெப்டைடு பிணைப்பு உறிஞ்சுவது 214 அல்லது 220 நானோமீட்டரில். 280 இல் தெரிவது டிரிப்டோஃபானும் டைரோசினும்தான். எல்எல்-37 இல் இவை இரண்டும் இல்லை. அப்படிப்பட்ட ஒரு பெப்டைடுக்கு 280 நானோமீட்டரில் எடுத்ததாகப் போட்டு, வானளாவிய ஒரு பீக்கையும் காட்டிய சான்றிதழ் ஒன்று எங்களுக்கு வந்தது. அந்தப் படம் அந்தக் குப்பியினுடையதாக இருக்க வழியே இல்லை. எழுதிக் கேட்டோம், வேறு படம் வந்தது, விளக்கம் வரவில்லை.

தூய்மைக்கும் அளவுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 95 சதவீதம் தூய்மை என்றால் குப்பியின் எடையில் 95 சதவீதம் பெப்டைடு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஹெச்பிஎல்சி கருவியின் கண்ணுக்கு நீரும் தெரியாது, உப்பும் தெரியாது. ஒளியை உறிஞ்சும் பொருள்களுக்குள் நமக்கு வேண்டியது எத்தனை பங்கு என்பதை மட்டுமே அது சொல்லும். பிசினிலிருந்து பெப்டைடைப் பிரிக்கவும் சுத்திகரிக்கவும் பயன்படுவது டிரைஃப்ளூரோ அசிட்டிக் அமிலம், சுருக்கமாக டிஎஃப்ஏ. பெப்டைடில் நேர்மின்னூட்டம் உள்ள ஒவ்வோர் இடத்திலும் அது வந்து ஒட்டிக்கொள்ளும். எல்எல்-37 இல் ஆறு லைசின், ஐந்து அர்ஜினின், சங்கிலியின் முன்முனை ஒன்று, ஆகப் பன்னிரண்டு இடங்கள். டிஎஃப்ஏயின் மூலக்கூறு எடை 114. பன்னிரண்டும் நிரம்பினால் 1368. பெப்டைடின் எடையோ 4493. கூட்டிப் பாருங்கள், குப்பியில் இருப்பதில் 23 சதவீதம் டிஎஃப்ஏயே. அதோடு பொடி ஈர்த்து வைத்திருக்கும் நீரும் சேர்ந்தால் உண்மையான பெப்டைடு 70 சதவீதத்தில் நிற்கலாம். 5 மி.கி. குப்பியில் 3.5. அதில் 95 சதவீதத் தூய்மை என்றால் 3.3 மி.கி. மாணவர் 5 மி.கி. என்றே கணக்குப் போட்டுக் கரைப்பார். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போன கரைசலோடு ஆய்வு தொடங்கும்.

இந்தக் கணக்கை முடிக்க வேண்டிய எண்ணுக்கு நிகரப் பெப்டைடு அளவு என்று பெயர். பல சான்றிதழ்களில் அந்த வரியே இருக்காது. அதை அளக்க நல்ல வழி அமினோ அமிலப் பகுப்பாய்வு. பெப்டைடை 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 110 டிகிரி செல்சியஸில், ஏறக்குறைய ஒரு நாள் வைத்து அமினோ அமிலங்களாக உடைத்து ஒவ்வொன்றையும் எண்ணுவார்கள். செலவு பிடிக்கும். உற்பத்தியாளர் சும்மா செய்து தரமாட்டார், நாம் கேட்டு அதற்குரிய பணமும் கொடுக்க வேண்டும். செறிவை நம்பி முடிவு சொல்லும் எந்த ஆய்வுக்கும் அந்தப் பணம் வீணாகாது என்பது என் தீர்மானமான கருத்து.

ஒரு குப்பியைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். எல்எல்-37 ஐ வைத்து பாக்டீரியாக்களில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு மாணவி, புது லாட், அதாவது புதிய தயாரிப்புத் தொகுதி, வந்ததிலிருந்து எதுவும் சரியாக வரவில்லை என்று வந்து நின்றாள். பழைய லாட்டில் வழக்கமான செறிவிலேயே அடங்கிய பாக்டீரியா, புதிதில் அதற்கு இருமடங்கு செறிவிலும் வளர்ந்தது. “நான்தான் எங்கயோ தப்பு பண்றேன் போல, மேம்” என்றாள். மறுபடி மறுபடி செய்து களைத்துப் போயிருந்தாள். “ரெண்டு லாட்டோட சிஓஏவும் எடுத்துட்டு வாம்மா” என்றேன்.

இரண்டையும் சாதாரணத் தாளில் அச்செடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தோம். லாட் எண் வேறு, தேதி வேறு. பீக் மட்டும் இரண்டிலும் 14.382 ஆவது நிமிடம். அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், அடிக்கோட்டில் வரும் சின்னச் சின்ன நடுக்கங்கள்கூட ஒன்றின்மேல் ஒன்று அச்சுப் பிசகாமல் விழுந்தன. கீழே அட்டவணையில் பீக்கின் பரப்பளவு, ஏழு இலக்க எண், கடைசி இலக்கம்வரை ஒன்றே. ஒரே குப்பியை ஒரே நாளில் இரண்டு முறை ஏற்றினாலும் அந்த எண் ஒத்துப்போகாது. புதிய லாட்டுக்கு யாரும் பரிசோதனையே செய்யவில்லை. பழைய படத்தின் தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

பிறகு எங்கள் கருவிகளில் ஓட்டினோம். எல்எல்-37 மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஐந்து புரோட்டான் ஏற்றுக்கொண்டு 899.7 இல் தெரிய வேண்டும். தெரிந்தது. பக்கத்திலேயே 877.0 இல் இன்னொன்று நின்றது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஐந்தால் பெருக்கிப் பார்த்தால் சுமார் 113 எடை குறைவு, அதாவது ஒரு லூசினோ ஐசோலூசினோ விட்டுப்போன சங்கிலி. மெதுவான கிரேடியன்ட்டில் அது தனித் தோளாகப் பிரிந்தது. அமினோ அமிலப் பகுப்பாய்வுக்கு வெளியே அனுப்பினோம், எடையில் பாதிகூடப் பெப்டைடு இல்லை என்று வந்தது. மாணவியின் கையில் குற்றம் இல்லை. சப்ளையரின் பிரதிநிதி முதலில், “கம்பெனி சிஓஏ குடுத்திருக்கே மேடம்” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு தாளையும் மேசையில் வைத்த பிறகு மாற்றுக் குப்பி வந்தது. அந்த நிறுவனத்திடம் அதற்குப் பின் நாங்கள் வாங்கவில்லை.

அன்றிலிருந்து பிடிஎஃப் படத்தை மட்டும் நான் ஏற்பதில்லை. கருவி எழுதிய மூலக் கோப்பைக் கேட்பேன். அதில் எந்த நாள், எந்த நேரம், எந்த மாதிரி, எந்த முறையில் ஏற்றப்பட்டது என்பதெல்லாம் பதிந்திருக்கும், திருத்துவது எளிதல்ல. நல்ல நிறுவனம் ஓரிரு நாளில் அனுப்பிவிடும். “அது எங்கள் கம்பெனி ரகசியம்” என்ற பதில் வந்தால், மெருகேறிய சான்றிதழை எத்தனை பக்கம் கொடுத்தாலும் நான் ஒதுங்கிக்கொள்வேன். கேள்வி கேட்டால் ஒரு சப்ளையர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதைவிட நம்பகமான அளவுகோல் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்ததில்லை.

மாஸ் ஸ்பெக்ட்ரம் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நினைப்பவர்களும் உண்டு. எடை ஒத்துப்போவது பெரிய விஷயம்தான், ஆனால் எடைக்குத் தெரியாதவை பல. லூசினும் ஐசோலூசினும் ஒரே எடை. இரண்டு அமினோ அமிலங்கள் இடம் மாறி உட்கார்ந்தாலும் மொத்த எடை மாறாது. அதைப் பிடிக்கச் சங்கிலியை உடைத்துத் துண்டுகளின் எடையைப் பார்க்க வேண்டும். சங்கிலியின் பின்முனை அமிலமா அமைடா என்பதில் வித்தியாசம் ஒரே ஒரு டால்டன். கருவி துல்லியமில்லாததாக இருந்தால் கண்ணில் படாமல் போகும். இணைப்பின்போது ஏதோ ஓர் அமினோ அமிலம் இடக்கை வடிவிலிருந்து வலக்கை வடிவுக்குப் புரண்டுவிட்டால் எடை அணுவளவும் மாறாது. ஹிஸ்டிடினும் சிஸ்டீனும் இப்படிப் புரளக்கூடியவை. மெரிஃபீல்டின் கட்டுரை வந்த அதே 1963 இல்தான் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் பெப்டைடுச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்ற வரைபடத்தைத் தந்தார்கள். அந்த வரைபடத்தில் வலக்கை வடிவுக்கு அனுமதிக்கப்பட்ட இடங்கள் நேர் எதிரே இருக்கும். சுருளாக மடங்கி வேலை செய்யும் ஒரு பெப்டைடின் நடுவே ஒன்று புரண்டாலும் சுருள் குலையும். எடையும் தூய்மையும் அப்படியே இருக்க, வேலை மட்டும் நடக்காது. ஒவ்வொரு குப்பிக்கும் இதைச் சோதிக்க முடியாது. ஆய்வின் முடிவே சுருளை நம்பி நிற்கிறது என்றால் கேட்கத்தான் வேண்டும்.

தூய்மை 95 என்றால் மிச்சம் 5 என்ன என்ற கேள்வி சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். ‘கிளினிக்கல் அண்ட் வாக்சின் இம்யூனாலஜி’ இதழில் 2008 இல் வந்த ஒரு கட்டுரையை நான் புதிய மாணவர்களுக்குப் படிக்கக் கொடுப்பேன். எச்ஐவி தடுப்பூசி ஆய்வுக்காக வாங்கிய செயற்கைப் பெப்டைடில் வேறொரு பெப்டைடு சிறிதளவு கலந்திருந்தது. எச்ஐவி இல்லாதவரின் டி செல்கள் அந்தக் கலப்புக்கு எதிர்வினை காட்டின. கவனிக்காமல் விட்டிருந்தால் தடுப்பூசி வேலை செய்கிறது என்று எழுதியிருப்பார்கள். டிஎஃப்ஏயும் அப்படித்தான். எலும்புச் செல்களும் குருத்தெலும்புச் செல்களும் பெருகுவதை அது மிகக் குறைந்த செறிவிலேயே தடுக்கிறது என்று 1999 இல் நியூஸிலாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். செல்களில் போடப்போகும் பெப்டைடு என்றால் அசிடேட் அல்லது ஹைட்ரோகுளோரைடு உப்பாக மாற்றித் தரச் சொல்லுங்கள். பாக்டீரியா நச்சான எண்டோடாக்சினின் அளவையும் கேளுங்கள். ஆய்வுத் தரச் சரக்குக்கு அந்தச் சோதனை பொதுவாகச் செய்யப்படுவதில்லை. நோய் எதிர்ப்புச் செல்களோ எண்டோடாக்சினின் சுவடு பட்டாலே கிளர்ந்தெழும்.

இத்தனையையும் எல்லாவற்றுக்கும் கேட்க வேண்டுமா என்றால் தேவையில்லை. முயலில் ஆன்டிபாடி எடுக்க 80 சதவீதத் தூய்மை போதும். அதற்கு 98 கேட்டுப் பணத்தைக் கொட்டுவதும் சரியல்ல. எதற்கு வாங்குகிறோம் என்பது முதலில் தெளிவாக வேண்டும்.

நம் நாட்டில் அரசு நிதியில் நடக்கும் ஆய்வகங்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தகுதி பெற்றவர்களில் குறைந்த விலை சொன்னவருக்குத்தான் ஆர்டர் போகும், எல்-1 என்பார்கள். இண்டென்ட்டில் “எல்எல்-37, 95 சதவீதத்துக்கு மேல், 5 மி.கி.” என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தரம் வரவில்லை என்று வருந்திப் பயனில்லை. விலை குறைத்தவர் அந்த ஒரு வரியைத்தான் நிறைவேற்றுவார். கணக்குப் பிரிவும் அவர் பக்கம்தான் நிற்கும். அதனால் நான் இண்டென்ட்டை நீளமாக எழுதப் பழகிக்கொண்டேன். வரிசை முழுவதும், இரண்டு முனைகளின் வடிவம், எந்த உப்பு, நிகரப் பெப்டைடு அளவு, எத்தனை நானோமீட்டர், அனுப்பப்படும் அதே லாட்டின் ஹெச்பிஎல்சி, மாஸ் மூலக் கோப்புகள், எங்கள் பரிசோதனையில் தவறினால் திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனை, எல்லாம் அதில் இருக்கும். கொள்முதல் அதிகாரிகள் முதலில் முகம் சுளித்தார்கள். நிபந்தனைகளைப் படித்துப் பலர் விலகிக்கொள்ள, கொடுக்கக்கூடியவர்கள் மட்டும் கொட்டேஷன் போட்ட பிறகு அவர்களுக்கும் வேலை சுலபமானது.

சான்றிதழோடு வரும் ஐஎஸ்ஓ 9001 முத்திரை நிர்வாக நடைமுறையைப் பற்றியது. அந்தக் குப்பியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. சோதனைக்கூடத்தின் தகுதிக்கு ஐஎஸ்ஓ 17025 வேறு. இந்தியாவில் அந்த அங்கீகாரத்தை முக்கியமாக வழங்குவது என்ஏபிஎல் வாரியம். அதன் இணையதளத்தில் கூடத்தின் சான்றிதழ் எண்ணைப் போட்டு, எந்தெந்தச் சோதனைகளுக்கு அங்கீகாரம் இருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து படியுங்கள். குடிநீர்ச் சோதனைக்கு வாங்கிய அங்கீகாரத்தின் முத்திரை பெப்டைடு அறிக்கையில் இருந்து பயனில்லை. மூன்றாம் தரப்பு அறிக்கை என்று காட்டினால், சோதனைக்கு மாதிரியை அனுப்பியவர் யார் என்று கேளுங்கள். விற்பவரே அனுப்பியிருந்தால், அவர் அனுப்பிய பொடி நல்லது என்பது மட்டுமே அதிலிருந்து தெரியும். அறிக்கை உண்மையா என்று விசாரிக்க அந்த அறிக்கையில் அச்சிட்ட தொலைபேசி எண்ணை நம்பாமல், கூடத்தின் எண்ணைத் தனியாகத் தேடி அழையுங்கள்.

சரியான குப்பியையும் கெடுத்துவிடலாம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே மூடியைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே இறங்கும். சென்னையின் காற்றில் அது சில நிமிட வேலை. உலர்த்திப் பெட்டியில் வைத்து அறை வெப்பத்துக்கு வந்த பிறகு, சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திறப்பதுதான் முறை.

சமீப காலமாக வேறு ஒரு வகைக் கேள்வி என்னிடம் வருகிறது. ஜிம்முக்குப் போகும் என் அக்கா மகன், இணையத்தில் விற்கும் ஒரு பெப்டைடின் சான்றிதழைக் கைபேசியில் காட்டினான். “சித்தி, 99.3 போட்டிருக்கு. அப்புறம் என்ன?” ஊசியில் ஏற்றிக்கொள்ளப் போகிறானாம். அந்தச் சான்றிதழை அவனோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். லாட் எண் இருக்க வேண்டிய இடம் காலி. கிருமியற்றது என்ற சோதனை இல்லை. எண்டோடாக்சின் இல்லை. கன உலோகம் இல்லை. கீழே பொடி எழுத்தில், ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல என்று இருந்தது. அந்த வரியைச் சத்தமாக அவனையே படிக்கச் சொன்னேன். ஆய்வுத் தரச் சரக்கின் ஆவணத்தை எவ்வளவு கவனமாகச் சரிபார்த்தாலும் அது மருந்தாகிவிடாது. மருந்துக்கு வேறு ஆலை, வேறு சோதனை, வேறு சட்டம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்படி ஒரு குப்பியை வாங்கி வந்தால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

ஆராய்ச்சி மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இது. குப்பி வந்த அன்றே அதன் லாட் எண்ணையும் சான்றிதழின் லாட் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். உப்பு வடிவமும் நிகர அளவும் உங்கள் குறிப்பேட்டில் ஏறட்டும். லாட் மாறும்போது பழையதில் கொஞ்சம் மிச்சம் வைத்து, இரண்டையும் ஒரே நாளில் ஒரே கருவியில் ஓட்டுங்கள். கட்டுரை எழுதும்போது செய்முறைப் பகுதியில் நிறுவனத்தின் பெயரோடு நிறுத்திவிடாமல் லாட் எண்ணையும் தூய்மையையும் அளந்த முறையையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் ஆய்வைத் திரும்பச் செய்து பார்க்க முயலும் இன்னொரு மாணவருக்கு முதலில் தேவைப்படுவது அந்த ஒரு வரிதான்.